1991 டொயோட்டாவின் முன் அச்சை நான் ஏன் மாற்றவில்லை

எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையின் இடப்பக்கச் சுவரோரம் எட்டு மாதங்களாக ஒரு முன் அச்சு கிடந்தது. 1985ஆம் ஆண்டின் டொயோட்டா பிக்கப் ஒன்றிலிருந்து கழற்றிய முழு அச்சு அது. நடுவில் சற்று ஒதுங்கிப் புடைத்து நிற்கும் டிஃபரன்ஷியல் (எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) கூடு, அதன் இருபுறமும் நீளும் இரும்புக் குழல், இரு முனைகளிலும் சக்கரங்கள் திரும்புவதற்கான உருண்டையான நக்கிள்கள் என்று, இரண்டு பேர் சேர்ந்தாலொழிய நகர்த்த முடியாத கனம். என்னுடைய 1991 பிக்கப்பில் இருக்கும் தனிச் சஸ்பென்ஷனை அறுத்தெடுத்துவிட்டு இதைப் பொருத்திவிட வேண்டும் என்ற முடிவோடுதான் வாங்கினேன். சென்ற மாதம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இந்த எட்டு மாதங்களில் நான் அளந்தவையும் ஓட்டிப் பார்த்தவையும் கணக்கிட்டவையும் என்னை எப்படி அந்த முடிவுக்குக் கொண்டுவந்தன என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், ஏன் 1985? டொயோட்டாவின் நான்கு சக்கர இயக்கப் பிக்கப் அமெரிக்காவுக்கு 1979இல் வந்தது. அப்போது அதன் முன்புறம் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்த முழு அச்சு இருந்தது. 1986ஆம் ஆண்டு மாடலில் அதை நீக்கிவிட்டு, முறுக்குக் கம்பியில் (முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் இரும்புக் கம்பி) இயங்கும் தனிச் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தார்கள். எரிபொருளை ஊசி வழியே செலுத்தும் 22ஆர்இ எஞ்சினும் முழு அச்சும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தது 1985ஆம் ஆண்டு மாடலில் மட்டுமே என்பதால், கலிஃபோர்னியாவின் பாறைப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் இன்றும் அந்த ஆண்டைத் தேடி அலைகிறார்கள். கிடைக்காதவர்கள் என்னைப் போலப் பிந்தைய வண்டியை வாங்கி, பழைய அச்சை அதற்கு மாட்ட முயல்கிறார்கள்.

இரண்டு அமைப்புகளின் வேறுபாடும் பார்த்தவுடன் விளங்கக்கூடியது. முழு அச்சில் இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. நாமக்கல் லாரிகளின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே முன் அச்சுக்கு எஞ்சினின் விசை போவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. தனிச் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு சக்கரமும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இரும்புக் கைகளில் பிடிக்கப்பட்டுத் தன்போக்கில் ஏறி இறங்குகிறது. டிஃபரன்ஷியல் மட்டும் சேசிஸோடு இறுகப் பொருத்தப்பட்டு, அதிலிருந்து இரண்டு குறுந்தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. டிஃபரன்ஷியல் சக்கரங்களோடு சேர்ந்திருக்கிறதா, உடலோடு சேர்ந்திருக்கிறதா என்ற இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இது எனக்கு ரூபிகான் பாதையில் விளங்கியது. சியரா நெவாடா மலையில், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் அந்தப் பாதை ஏறத்தாழ 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர். பெரும்பகுதி கருங்கல் பாறைகளும் அவற்றுக்கிடையே சிக்கிய உருண்டைக் கற்களும்தான். நடந்துபோகிறவர் வண்டியை முந்திச் செல்லும் வேகத்தில்தான் அங்கே நகர முடியும். என் நண்பர் ஒருவர் தம்முடைய 1984 பிக்கப்பில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். இருவர் வண்டியிலும் 33 அங்குல டயர். நின்ற நிலையில் அளந்தால் என் வண்டியின் முன்புற அடிப்பகுதி அவருடையதைவிடச் சிறிது உயரமாகவே இருந்தது. ஆயினும் அவர் சத்தமில்லாமல் கடந்த ஒரு படிப்பாறையில் என் வண்டியின் அடியில் இருக்கும் குறுக்குச்சட்டம் மோதி நின்றுவிட்டது. பின்வாங்கி மீண்டும் முயன்றேன். மீண்டும் அதே இடத்தில் மோதியது.

காரணம் எளிய கணக்கு. 33 அங்குல டயரின் ஆரம் 16.5 அங்குலம். முழு அச்சின் மையத்திலிருந்து டிஃபரன்ஷியல் கூட்டின் அடி 6 அங்குலம் கீழே இருப்பதாகக் கொண்டால், தரைக்கும் அதற்கும் இடையே 10.5 அங்குலம் எஞ்சும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் அமுங்குவதால் ஒரு அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் குறையலாம். அதற்கு மேல் குறையாது. வண்டி படியிலிருந்து இறங்கி ஸ்பிரிங் முழுவதும் அமுங்கினாலும், பின்னால் எத்தனை சுமை ஏற்றினாலும், அச்சு சக்கரத்தோடு பிணைந்திருப்பதால் அந்த இடைவெளி மாறாமல் நிற்கும். என் வண்டியிலோ டிஃபரன்ஷியலும் குறுக்குச்சட்டமும் உடலோடு சேர்ந்தவை. சமதரையில் நிற்கும்போது 11 அங்குலம் காட்டினாலும், முன்பகுதி கீழே விழுந்து சஸ்பென்ஷன் மூன்று அங்குலம் அமுங்கும் கணத்தில் அது 8 அங்குலமாகிவிடுகிறது. பாறை வண்டியின் அடியில் இருப்பதும் சஸ்பென்ஷன் அமுங்குவதும் பெரும்பாலும் ஒரே கணத்தில் நிகழ்பவை. நிறுத்திவைத்து அளந்த எண் அந்தக் கணத்தில் எந்தப் பயனும் தருவதில்லை. விளம்பரத் தாளில் அச்சாகும் தரை இடைவெளி எண்ணைக் கொண்டு இவ்விரண்டு அமைப்புகளையும் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முழு அச்சின் இடைவெளி மாறாதது என்றால், அதைக் கூட்டுவதும் கடினம் என்று பொருள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். டயரின் விட்டத்தை 31 அங்குலத்திலிருந்து 33க்கு மாற்றினால்கூட அச்சின் அடியில் கிடைப்பது ஒரே ஒரு அங்குலம். டிஃபரன்ஷியல் புடைப்பு எங்கே இருக்கிறது என்பதை மனத்தில் நிறுத்தி, பாறையின் மேல் சக்கரத்தை ஏற்றி, புடைப்பைப் பாறைக்குப் பக்கவாட்டில் கொண்டுபோகும் பழக்கம் ஓட்டுநருக்கு வேண்டும். என் நண்பர் அதைத்தான் செய்தார். பாறையைத் தவிர்க்காமல் அதன் மேலேயே டயரை வைத்து ஏறினார்.

சக்கரங்கள் தரையைப் பற்றும் விதத்திலும் முழு அச்சு பாறையில் மேலானது. தராசுத் தண்டின் ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்குவதுபோல, வலச் சக்கரம் பாறையில் ஏறும்போது அச்சு சாய்ந்து இடச் சக்கரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. உடல் அதிகம் சாயாமல் அச்சு மட்டும் சாய்கிறது. தனிச் சஸ்பென்ஷனில் ஏறிய சக்கரத்தின் ஸ்பிரிங் அந்த மூலையை மேலே தூக்க, உடலே சாய்கிறது. மற்றச் சக்கரம் தன் கைகள் இறங்கும் எல்லைவரை இறங்கி, பிறகு காற்றில் தொங்குகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் தொங்கும் சக்கரம் வீணாகச் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டுப் போட்டால் இதைச் சரிக்கட்டலாம். ஆனால் தொங்கும் சக்கரத்தின் பங்குச் சுமையையும் மற்றச் சக்கரங்களே தாங்குவதால் வண்டி கவிழ்வதுபோல் ஆடும் உணர்வு போகாது. அந்த உணர்வு அடுத்த அசைவைத் தயங்க வைக்கிறது.

இவ்வளவையும் கண்ட பிறகுதான் பழைய அச்சைத் தேடி வாங்கினேன். அந்த ஆண்டு அக்டோபரில் அதே நண்பரோடு மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குப் போகாமல் இருந்திருந்தால், அச்சை இந்நேரம் பொருத்தியும் இருப்பேன்.

அங்கே உபிஹீபி எரிமலை வாயின் அருகிலிருந்து ரேஸ்டிராக் என்னும் வறண்ட ஏரிப்படுகைக்கு 27 மைல் சரளைப் பாதை செல்கிறது. கற்கள் நகர்ந்து மண்ணில் நீண்ட தடம் விட்டிருக்கும் இடம் அது. பாதையில் பெரிய பாறைகள் இல்லை. துணி துவைக்கும் அலைத்தகடு போலக் குறுக்கே வரிவரியாக மேடுகள், முடிவே இல்லாமல். டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணிக்கு 30 மைல் வேகத்தில் என் வண்டி அவற்றின் மேல் மிதந்து சென்றது. ஸ்டீயரிங் கையில் அமைதியாக இருந்தது. நண்பரின் வண்டி 15 மைலைத் தாண்டினால் முன்பகுதி முழுவதும் உதறத் தொடங்கியது. ஸ்டீயரிங் வளையம் இடமும் வலமுமாகத் துடித்தது. ஏரிப்படுகையில் அவருக்காக ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அவர் வந்து சேர்ந்தபோது அவருடைய ஷாக் அப்சார்பர்களைக் கையால் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

இந்த உதறலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920களின் இறுதியில் அமெரிக்கக் கார்கள் வேகமாகவும் கனமாகவும் ஆகிக்கொண்டிருந்தபோது, முன் அச்சின் உதறல் பொறியாளர்களைப் பெரிதும் அலைக்கழித்தது. முழு அச்சில் ஒரு சக்கரம் 4 அங்குலம் ஏறினால், சக்கரங்களுக்கிடையே 55 அங்குலம் இருக்கும் வண்டியில் இரண்டு சக்கரங்களுமே ஏறத்தாழ 4 பாகை சாய்கின்றன. வேகமாகச் சுழலும் ஒன்றைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்ப முயலும். பம்பரத்தை விரலால் தட்டிப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். ஒவ்வொரு மேடும் இரண்டு சக்கரங்களையும் திருப்ப முயல, அந்த அசைவுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து உதறலாகின்றன. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து கேடிலாக்குக்கு வந்த மாரிஸ் ஆலி போன்றவர்களின் உழைப்பால் ஜெனரல் மோட்டார்ஸ் 1934ஆம் ஆண்டின் கார்களில் முன்புறத் தனிச் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. சொகுசு ஒரு காரணம் என்றால் இந்த உதறலை அடக்குவது மற்றொரு காரணம். அதோடு, தனிச் சஸ்பென்ஷனில் கனமான டிஃபரன்ஷியல் உடலோடு சேர்ந்துவிடுவதால், மேட்டில் துள்ளுவது சக்கரமும் பிரேக்கும் கைகளும் மட்டுமே. துள்ளும் பொருளின் எடை குறையக் குறைய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதை விரைவில் தரைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. மெக்ஸிகோவின் பாஹா பாலைவனத்தில் ஓடும் பந்தய வண்டிகள் முன்புறத்தில் நீண்ட கைகளுடைய தனிச் சஸ்பென்ஷனையே வைத்துக்கொள்வதற்கு இதுவே அடிப்படை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். முழு அச்சு உறுதியானது, தனிச் சஸ்பென்ஷன் உடையக்கூடியது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நானும் நம்பியிருந்தேன். கொட்டகையில் அந்த அச்சின் நக்கிளைப் பிரித்தபோதுதான், உள்ளே இருக்கும் பிர்ஃபீல்டு இணைப்பும் என் வண்டியில் சக்கரத்தை ஒட்டியிருக்கும் சிவி இணைப்பும் (மடங்கிய நிலையிலும் சுழற்சியைச் சீராகக் கடத்தும் மூட்டு) ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கண்ணால் கண்டேன். இரண்டும் ஆல்ஃபிரட் ரெப்பா 1920களில் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தவை: ஆறு இரும்புக் குண்டுகள், ஒரு கூண்டு, உள்ளும் புறமும் பள்ளம் வெட்டிய இரண்டு கிண்ணங்கள். முழு அச்சில் அது பக்கத்துக்கு ஒன்று, தடித்த உருண்டைக்குள் கிரீஸில் மூழ்கிக் கிடக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டுமே மடங்குகிறது. தனிச் சஸ்பென்ஷனில் பக்கத்துக்கு இரண்டு இணைப்புகள், ரப்பர் உறைக்குள், சக்கரத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் மடங்கியபடியே இருக்கின்றன. உறை கிழிந்து மணல் புகுந்தால் அவற்றின் ஆயுள் குறுகிவிடும். ஆனால் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி, இரண்டு கற்களுக்கிடையே சிக்கிய சக்கரத்தின் மேல் விசையைக் கொட்டினால் இரண்டு வகையும் உடையும். ரூபிகானில் நான் அவசரப்பட்டு அப்படிச் செய்துதான் ஒரு தண்டை உடைத்தேன். சக்கரத்தை நேராக்கிக்கொண்டு விசை கொடுத்திருக்க வேண்டும். மாற்றுத் தண்டு கையில் இருந்ததால் ஒன்றரை மணி நேரத்தில் பாதைக்குத் திரும்பினேன். நண்பரின் வண்டியில் அதே பழுது வந்தால் நக்கிளைத் திறந்து, பழைய கிரீஸை வழித்தெடுத்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும். அவர் அதைப் பலமுறை செய்து பழகியவர்.

தனிச் சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டே வண்டியை உயர்த்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக முறுக்குக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பியின் பின்முனையில் இருக்கும் போல்ட்டை இறுக்கினால் வண்டியின் முன்புறம் உயர்ந்துவிடும். செலவு இல்லை, அரை மணி நேர வேலை. அப்படி உயர்த்தியபின் வண்டி கட்டையாகக் குதிக்கிறது என்றும், இறுக்கியதால் கம்பி விறைத்துவிட்டது என்றும் பலர் சொல்வார்கள். கம்பியின் விறைப்பு அதன் நீளத்தையும் தடிமனையும் உலோகத்தையும் பொறுத்தது. போல்ட்டை இறுக்குவதால் அது மாறாது. உண்மையில் நடப்பது வேறு. கைகள் கீழே இறங்கக்கூடிய மொத்த அளவில் பெரும்பகுதியை நாம் நிற்கும்போதே செலவழித்துவிடுகிறோம். சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்க முயன்றாலும் மேல் கை தன் எல்லைத் தடுப்பில் போய் இடிக்கிறது. அந்த இடிதான் கட்டையாகத் தெரிகிறது. பாறையில் மிகவும் தேவைப்படும் கீழிறக்கம் போய்விடுகிறது. சிவி இணைப்புகள் எந்நேரமும் கூடுதல் கோணத்தில் சுழன்று தேய்கின்றன. அந்தக் கோணத்தைக் குறைக்க டிஃபரன்ஷியலையே கீழே இறக்கும் அடைப்புத் துண்டுகள் விற்கிறார்கள். எதற்காக உயர்த்தினோமோ அந்த இடைவெளியையே அவை திருப்பி எடுத்துக்கொள்கின்றன. நான் ஒன்றே கால் அங்குலம் உயர்த்தியிருந்தேன். இப்போது அதில் பாதியைக் குறைத்துவிட்டேன், வண்டி முன்பைவிட நன்றாக ஓடுகிறது.

உற்பத்தியாளர்கள் எடுத்த முடிவுகளும் ஒரே திசையில் போகவில்லை. ஃபோர்டு 1980இல் அச்சை இரண்டாக வெட்டி நடுவில் மூட்டு வைத்த இடைப்பட்ட அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. பாலைவனத்தில் பெயர் பெற்றது, பாறையில் அவ்வளவாக இல்லை. லேண்ட் குரூசரின் 80 வரிசையில் இருந்த முன்புற முழு அச்சு 1998இல் வந்த 100 வரிசையில் தனிச் சஸ்பென்ஷனாக மாறியது. ஆனால் 70 வரிசை 1984 முதல் இன்றுவரை முழு அச்சோடுதான் வருகிறது. மெர்சிடிஸின் ஜி வண்டி 1979 முதல் வைத்திருந்த முன் அச்சை 2018இல் விட்டது. ஜீப் ராங்ளரும் சுசூகி ஜிம்னியும் விடவில்லை. கிரெனேடியர் என்ற புதிய வண்டி இருபுறமும் முழு அச்சுகளோடே 2022இல் உற்பத்திக்கு வந்தது. இந்தியாவில் மகிந்திராவின் பழைய ஜீப்புகளில் இருந்த முன்புற முழு அச்சு 2010இல் வந்த ‘தார்’ வண்டியில் இல்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஹம்வீ. 1980களின் நடுவில் அமெரிக்க இராணுவத்துக்கு வந்த அந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் தனிச் சஸ்பென்ஷன். ஆயினும் தரை இடைவெளி 16 அங்குலம். டிஃபரன்ஷியலைச் சேசிஸுக்குள் உயரே தூக்கி வைத்துவிட்டு, சக்கரத்தின் நடுவில் பல்சக்கரப் பெட்டி வைத்து விசையைக் கீழே இறக்கினார்கள். ஜெர்மனியின் உனிமாக் அதே பல்சக்கர உத்தியை முழு அச்சுக்குச் செய்தது. செலவைப் பற்றிக் கவலைப்படாவிட்டால் இரண்டு அமைப்புகளின் குறைகளையும் பெருமளவு நீக்கிவிடலாம் என்பதற்கு இந்த இரண்டு வண்டிகளும் சான்று. 1986ஆம் ஆண்டின் சிறிய பிக்கப் ஒன்றுக்கு அப்படிச் செலவு செய்ய முடியாது. அதில் டிஃபரன்ஷியல் எஞ்சினுக்கும் தரைக்கும் இடையே கிடைத்த இடத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

பாலைவனத்திலிருந்து திரும்பியதும் அச்சு மாற்றத்துக்கு வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன். சேசிஸில் இருக்கும் தனிச் சஸ்பென்ஷன் பிடிகள் அனைத்தையும் அறுத்து நீக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங்குக்கான புதிய பிடிகளை இம்மி பிசகாமல் பற்றவைக்க வேண்டும். ஸ்டீயரிங் பெட்டி மட்டும் நற்பேறாக அப்படியே பயன்படும். 1986க்குப் பிந்தைய வண்டிகளின் பெட்டி, அச்சுக்குக் குறுக்காகச் செல்லும் இணைப்புத்தண்டுக்கு ஏற்றது. பழைய வண்டிக்காரர்களே அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் என் வண்டியின் பின் அச்சு 1985இன் அச்சுகளைவிட ஏறக்குறைய 3 அங்குலம் அகலமானது. முன்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குல இடைத்தகடு வைக்காவிட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தடத்தில் ஓடும். இவற்றோடு பிரேக் குழாய்கள், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம், ஷாக் அப்சார்பர் தூண்கள் என்று பட்டியல் நீண்டது. இவற்றில் எதுவும் என்னால் செய்ய முடியாததல்ல.

பிறகு வண்டியின் குறிப்பேட்டைத் திறந்து மூன்று ஆண்டுகளின் பயணங்களைக் கூட்டினேன். தார்ச்சாலையை விட்டிறங்கி ஓட்டியது 4,100 மைல். அதில் பாறைப் பாதைகள் 160 மைல். மீதமெல்லாம் சரளையும் மணலும் வறண்ட ஆற்றுப்படுகைகளும். என் மனத்தில் பாறை மலையளவு இடம் பிடித்திருந்தது, ஏனெனில் ஒரு மைலைக் கடக்க மூன்று மணி நேரம் ஆன நாட்கள்தான் நினைவில் நிற்கின்றன. குறிப்பேட்டில் அது நூற்றுக்கு நான்கு. அந்த நான்குக்காக மீதித் தொண்ணூற்றாறு மைல்களிலும் உதறலை ஏற்றுக்கொள்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. மாதந்தோறும் ரூபிகானுக்குப் போகிறவராக நான் இருந்தால் ஒரு கணமும் தயங்காமல் சேசிஸை அறுத்திருப்பேன்.

அப்படிப் போகிற ஓர் இளைஞர்தான் அச்சை வாங்கிக்கொண்டார். ஜார்ஜ்டவுன் பக்கம் பற்றவைப்பு வேலை செய்கிறவர். நக்கிளுக்கு நான் வாங்கி வைத்திருந்த புதிய பேரிங்குகளையும் எண்ணெய்த் தடுப்பு வளையங்களையும் சேர்த்தே கொடுத்தேன். உள் வளையம் தேய்ந்து டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் கசிந்தால் கிரீஸ் கூழாகிவிடும் என்பதால், அவற்றை முதலில் மாற்றும்படி சொல்லி அனுப்பினேன். என் வண்டிக்குப் பின்புற டிஃபரன்ஷியல் பூட்டு ஒன்றும், குறுக்குச்சட்டத்தின் அடியில் தடித்த இரும்புத் தகடும் போட்டிருக்கிறேன். ஸ்டீயரிங் இணைப்புத்தண்டைத் தாங்கும் ஐட்லர் கையையும் புதிதாக மாற்றியாயிற்று. சுவரோரத்தில் அச்சு கிடந்த இடத்தில் இப்போது இரண்டு உதிரி சிவி தண்டுகள் சாய்ந்து நிற்கின்றன. நவம்பரில் சலைன் பள்ளத்தாக்குப் பாதைக்குப் புறப்படும்போது அவற்றில் ஒன்றை ஏற்றிக்கொள்வேன்.